விஞ்சைப் பிடித்த கை

கடைகளில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. கோதுமை மா கொண்டுவந்த கப்பலொன்று திருகோணமலைத் துறைமுகத்தில் நின்றது. நான் விஞ்ச் என்கிற பாரந்தூக்கியை இயக்குகிற விஞ்சுக்காரன். கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, கயிற்று வலையில் கட்டிய மூட்டைகளைத் தூக்கி, பக்கத்தில் நிற்கும் பாஜ் என்கிற தட்டைப் படகில் இறக்குவது என் வேலை. ஒரு பின்னேரம் வலையின் ஒரு பக்கம் அறுந்தது. அதை மேலே தூக்கிவிடப் விஞ்சின் பிடியை முழுப் பலத்தோடும் இழுத்தேன். இரும்பு கிறீச்சிட்டது. அதற்குள் மூட்டைகள் விழுந்துவிட்டன. கீழே பாஜில் நின்ற ஒருவர் இறந்துபோனார்.

கயிறு பழையது, என்னில் பிழையில்லை என்று விசாரித்து எழுதினார்கள்.

ஒரு கிழமை கழித்து வேலைக்குப் போனேன். பிடியைப் பிடித்த வலது கை திரும்ப விரியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து விரல்களைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பிறகு எந்த இரும்புச் சத்தத்துக்கும் அப்படித்தான். குசினியில் ஒரு மூடி விழுந்தால் போதும், தோள் காதுவரை ஏறிவிடும், விரல்கள் பொத்திக்கொள்ளும், மூச்சு பாதியில் நிற்கும். மனைவி எழும்பி வந்து ஒவ்வொரு விரலாக விரித்துவிடுவாள். பகல் முழுக்கத் தையல் மெசினில் குனிந்திருந்தவள். ஒரு நாளைக்கு எத்தனை தரம்தான் அவளும் எழும்புவாள்?

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை. "பயத்தை விடுங்கோ" என்றார் டொக்டர். பயம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. களைப்புத்தான் தெரிந்தது. படுத்தாலும் போகாத களைப்பு.

கிண்ணியாவில் எண்ணெய் போட்டு உருவுகிற நாட்டு வைத்தியர், பரிசாரியார் ஒருவர் இருப்பதாக, நாங்கள் குடியிருந்த பாலையூற்றில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சனிக்கிழமைகளில் பஸ்ஸில் போய், ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிச்செல்லும், பாதை என்கிற மிதவைக்காக வெயிலில் காத்திருந்து, கடந்து போவேன்.

பரிசாரியார் என் கதை முழுவதையும் கேட்டார். பிறகு கையை விட்டுவிட்டுப் பிடரிக்குக் கீழே பெருவிரலை வைத்து அழுத்தினார்.

"வருத்தம் கையில இல்ல, மனே. அண்டைக்கி நீங்க இழுத்த இழுவை இன்னும் முடியல்ல. உடம்பு இழுத்துக்கிட்டுத்தான் இருக்குது."

சூடான எண்ணெயைப் பிடரியிலிருந்து விரல் நுனிவரை மெதுவாக உருவினார். பாதங்களை நிலத்தில் நன்றாக ஊன்றி, மூச்சை நீளமாக விடச் சொன்னார். முதல் இரண்டு தரமும் கை மாறவில்லை. அவருடைய மர வாங்கில் படுத்தபடியே நித்திரையாகிப்போனேன், அவ்வளவுதான்.

மூன்றாவது சனிக்கிழமை அந்த வாங்கில் இறந்தவரின் தமையன் இருந்தார். செத்தவீட்டில் தூரத்தில் நின்று பார்த்த முகம். அவரும் அதே பாஜில் வேலை செய்தவர். தனியாக மூட்டைகளைப் புரட்டித் தம்பியைத் தூக்கியவர். அன்றிலிருந்து அவருக்கு முதுகு நிமிரவில்லை. என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வரும்போது பாதையின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவர். நாலு கிழமை இப்படியே போனது.

அடுத்த கிழமை பரிசாரியாருக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவர் தமையனைக் கூப்பிட்டார்.

"நான் தோளைப் பாக்கிறன். நீங்க இவர்ர கையை விடாமப் பிடிங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "வேண்டாம் நானா. நான் இன்னொரு நாளைக்கு வாறன்" என்று பரிசாரியாரிடம் சொன்னேன்.

"இன்னொரு நாளைக்கும் நான்தான் இருப்பன்" என்று சொல்லிவிட்டுத் தமையன் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். சுமை தூக்கிக் காய்த்த கை.

"இப்ப இழுங்க. அண்டைக்கி இழுத்த மாதிரியே இழுங்க" என்றார் பரிசாரியார்.

இழுத்தேன். வளைந்த முதுகோடு அவர் எதிர்த்துப் பிடித்தார். திரும்பவும் இழுத்தேன். அவர் கதிரையோடு முன்னால் அரக்கி வந்தார், ஆனால் விடவில்லை. எங்கேயோ தோளுக்குள் ஏதோ நழுவியதுபோல் இருந்தது. காய்ச்சல்காரனைப்போலக் கை நடுங்கத் தொடங்கியது.

"நடுங்கட்டும். தடுக்காதீங்க."

எவ்வளவு நேரம் நடுங்கினேனோ தெரியாது. நின்றபோது என் கை விரிந்து தமையனின் மடியில் கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கும் நீங்கள் இப்பிடித்தான் இழுத்தனீங்களோ?"

"ஓம். இழுத்தனான்."

தமையன் தன் சாறத்தில் எண்ணெயைத் துடைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த நாளே கை பொத்திக்கொண்டது. ஆனால் மாதங்கள் போகப் போக, பாதங்களை ஊன்றி மூச்சை விட்டால் தானாக விரியப் பழகியது. மனைவி மெசினைவிட்டு எழும்புவது குறைந்தது. பிறகு எழும்பவேயில்லை. விஞ்சுக்குத் திரும்பிப்போக என்னால் ஏலாது என்று எழுதிக் கொடுத்தேன். களஞ்சிய அறையில் போட்டார்கள்.

தமையனின் முதுகைப் பரிசாரியார் அழுத்தும்போது கால்களைப் பிடித்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிடுவார். நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. மாரி மழை தொடங்கியதும் தமையன் வரவில்லை. வெருகல் பக்கம் மனைவியின் ஆட்களோடு மீன்பிடிக்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த முதுகோடு வலை இழுக்க முடிந்ததா என்று தெரியாது. நானும் அடுத்த வருடம் போவதை நிறுத்தினேன். முழுச் சுகம் வந்துவிட்டது என்பதற்காக அல்ல. பாதைக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போயிற்று.