மனைவியும் அதிபர்

நானும் என் மனைவியும் பள்ளிக்கூட அதிபர்கள். கொழும்பில் எனக்குக் கொட்டாஞ்சேனை, அவளுக்கு நாங்கள் குடியிருக்கும் வெள்ளவத்தை. அதிபர் சேவைப் பரீட்சையில் நான்தான் முதலில் சித்தியடைந்தேன். அவள் அதற்குப் படித்தபோது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். இதை இப்போதெல்லாம் ஆட்களிடம் அடிக்கடி சொல்கிறேன். ஸ்மார்ட் போர்ட் வருவதற்கு முன் சொன்னதாக ஞாபகம் இல்லை.

இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் அது வந்தது. தொட்டு எழுதலாம், வீடியோ ஓட்டலாம், சுவரில் பாதியை அடைக்கும் பெரிய திரை. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் வாங்கித் தந்தார்கள். நான் விழா வைத்தேன். பாண்ட் வாத்தியம், குத்துவிளக்கு, நாடா வெட்டு, பட்டிஸ், கட்லட். அடுத்த திங்கட்கிழமை ஆசிரியர்களைக் கூட்டி, ஆளுக்குக் கிழமையில் ஒரு பாடமாவது அந்தத் திரையில் நடத்த வேண்டும் என்று உத்தரவு போட்டேன். கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

மனைவி விழா வைக்கவில்லை.

"பழைய மாணவர் கோவிக்க மாட்டினமோ?" என்று கேட்டேன்.

"முதல்ல அதைப் போடத் தெரியோணும். பிறகு பாப்பம்," என்றாள்.

தரம் எட்டு வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தானே எடுத்து, ஆசிரியர்களைப் பின்வரிசை வாங்கில் இருத்தி, திரையில் நடத்திக் காட்டியிருக்கிறாள். நடுவில் வரைபடம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. நிமிர்த்தத் தெரியாமல் நின்றாளாம். அதை வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

"டீச்சர்மாருக்கு முன்னாலயோ?"

"பின்ன? பிள்ளையளும் சிரிச்சுதுகள், நானும் சிரிச்சன். கடைசியில எங்கட சங்கீத மிஸ்தான் வந்து நிமித்திவிட்டவ."

எனக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது. ஓர் அதிபர் அப்படி நிற்கலாமா? அந்தப் பாவம் பார்க்கும் சுகம் எனக்குக் கொஞ்ச நாள்தான் கிடைத்தது.

அடுத்த பள்ளித் தவணையில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த அதிபர் கூட்டத்தில் கல்விப் பணிப்பாளர் அவளை மேடைக்கு அழைத்தார். நான் கீழே இருந்தேன். பக்கத்தில் இருந்த பொரளைப் பக்கத்து அதிபர் முழங்கையால் இடித்து, "ஐசே, உமக்கு வீட்டிலேயே ட்ரெய்னிங். என்ன குறை?" என்றார். நான் பல் தெரியச் சிரித்தேன்.

நன்றாகப் பேசினாள். கிழமைக்கு ஒரு பாடவேளையை ஆசிரியர்கள் பழகுவதற்கென்றே ஒதுக்கினாளாம். அந்த நேரம் அவர்களுடைய வகுப்புகளைத் தானே போய்ப் பார்த்துக்கொண்டாளாம். அவ்வளவு சின்ன யோசனை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போதுதான் அவளுக்கு அது வந்திருக்க வேண்டும். எதிரே இருந்த எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "நல்லாக் கதைச்சீர். மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சிருக்கலாம்," என்றேன்.

ஒரு பின்னேரம் அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அடுப்பில் சொதி துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஓம் மிஸ், அந்தக் கறுப்பு வயரைக் கழட்டிப்போட்டு லப்டொப்பை ஒருக்கா ஓஃப் பண்ணிப் போடுங்கோ. ஓமோம், எனக்கும் உப்பிடித்தான் நடந்தது. பயப்பிடாதேங்கோ."

போனை வைத்ததும், "உங்கட மிஸ்மாருக்கு இன்னும் சரிவரேல்லைப் போல," என்றேன். உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

அவள் அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அது எங்கட மிஸ் இல்லை. உங்கட சயன்ஸ் மிஸ்."

"எவ்வளவு காலமா நடக்குது இது?"

"போன தவணையில இருந்து."

"என்னட்ட ஏன் சொல்லேல்லை நீர்?"

"சேருக்குச் சொல்ல வேண்டாமெண்டு கேட்டவ."

"அவவுக்கு அதிபர் நானோ நீரோ? என்னட்டக் கேட்டா என்ன?"

"உங்களிட்டக் கேட்டா, இன்னும் தெரியாதோ எண்டு கேப்பீங்களாம்." அடுப்பைத் தணித்தாள். "கேட்டாலும், உங்களுக்கு அதைப் போடத் தெரியுமோ?"

தெரியாது. விழாவன்று அதைப் போட்டவர் பொருத்த வந்த கம்பனி ஆள்.

"உமக்கு உம்மட பள்ளிக்கூடம் காணாதோ?" என்று கத்தினேன்.

அவள் திருப்பிக் கத்தவில்லை. "நீங்க பாக்கிறனெண்டு சொல்லுங்கோ. நான் இனி அவவின்ர போனை எடுக்க மாட்டன்," என்றாள். என் ஆசிரியர்கள் என் மனைவியை நம்புகிறார்கள் என்பதை விட, அவளுடன் பேசும்போது அந்த மிஸ் சிரித்திருப்பாள் என்பதுதான் என்னைத் தின்றது. என்னுடன் பேசும்போது அவள் நிலத்தைப் பார்ப்பாள்.

மறுநாள் அந்த மிஸ்ஸை அலுவலகத்துக்குக் கூப்பிடுவது என்றுதான் போனேன். வழியில் அவளுடைய வகுப்பைத் தாண்ட வேண்டியிருந்தது. உள்ளே போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்தேன். திரையில் இதயத்தின் படம் வர வேண்டும். வெறும் நீலம்தான் தெரிந்தது.

"கொஞ்சம் இருங்க சேர். நேத்து வந்துச்சு சேர்," என்றாள். அவள் கை கைப்பைக்குள் போய், வெறுமையாகத் திரும்பி வந்தது. யாருக்குப் போன் எடுக்கப் போனாள் என்பது எனக்குத் தெரியும்.

நான் எழுந்து முன்னால் போனேன். விறைப்பாக நின்று ஒரு பொத்தானை அமுக்கினேன். இருந்த நீலமும் போய்விட்டது. வகுப்பு முழுதும் சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் பயம்தான் இருந்தது. நானே என் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"இஞ்சரும், எங்கட போர்ட் நிண்டு போச்சு."

"ஆர் அமத்தினது?"

"நான்தான்."

சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. பிறகு, "வலப் பக்கத்தில, பின்னால ஒரு சுவிட்ச் இருக்கு. கையை விட்டுப் பாருங்கோ," என்றாள். பார்த்தேன். மிஸ் வயரைச் சரியாக்கினாள். சிவப்பும் நீலமுமாக இதயம் வந்தது. பிள்ளைகள் கைதட்டி, என் கையிலிருந்த போனைப் பார்த்து, "தேங்க்யூ மிஸ்!" என்று கத்தினார்கள். சுவிட்சைப் போட்டவன் நான்.

மிஸ்ஸை அலுவலகத்துக்குக் கூப்பிடவில்லை. அடுத்த கிழமை நானும் ஒரு பாடவேளையை ஒதுக்கி, ஆசிரியர்களைப் பழகச் சொல்லிவிட்டு அவர்களுடைய வகுப்புகளுக்குப் போனேன். யாருடைய யோசனை என்று அவர்களிடம் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நானும் அந்த மிஸ்ஸிடம் திரையை இயக்கப் பழகினேன். அவள் இப்போதும் என் மனைவிக்குப் போன் பண்ணுகிறாள். ஒளித்துப் பண்ணுவதில்லை.

போன தவணை என் மனைவியை எங்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஒரு நாள் பேச அழைத்தார்கள். அழைக்கச் சொன்னவர்கள் என் ஆசிரியர்கள். கடிதத்தில் கையெழுத்து என்னுடையது. ஓர் ஆசிரியர் எழுந்து கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியும். அவர் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து சொல்லிவிட்டேன். மேடையில் அவள் நான் முடிக்கும் வரை காத்திருந்து, "சேர் சொன்னது சரி," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது, "அவ்வளவு அவசரமோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

அடுத்த மாதம் மாகாண மட்டத்தில் பேச அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் போகிறேன். பேச்சில் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல மாட்டாளா என்று இருக்கிறது. கேட்கத்தான் வாய் வரவில்லை.