ஒரு வீடு, இரண்டு முகவரி

போன திங்கட்கிழமை காலை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்மணி போனில்...

"சார், உங்க வெப்சைட்டைப் பார்த்தேனுங்க. வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு புக் ஆயிருக்குன்னு போட்டிருக்குதே? எங்கப்பாவுக்கு அறுபதாம் கல்யாணமுங்க!"

கையிலிருந்த காபி வாய்க்குப் போகவில்லை. கண்டனூரில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். இவர் என்னிடம் பதிவு செய்து இரண்டு மாதமாகிறது. பத்திரிகை அடித்துச் சொந்தபந்தம் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். அப்படியானால் அந்த நிச்சயதார்த்தம் யாருடையது?

"நீங்க முன்னால மூணு டபிள்யூ போட்டுத் தேடுனீகளா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க."

குழப்பம் எங்கே என்று புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். வெப்சைட் செய்து கொடுத்த மீனா ஆரம்பத்திலேயே சொன்னார். "மூணு டபிள்யூ போட்டும் வரலாம், போடாமலும் வரலாம். எது நம்ம முகவரின்னு ஒண்ணை முடிவு பண்ணுங்க சார். மத்ததைத் தட்டுனா தானா இதுக்கே வர்ற மாதிரி திருப்பி விட்டுர்றேன்."

பெரியப்பா மகன் சிதம்பரம் அண்ணனுக்கு மூன்று டபிள்யூ வேண்டும், அப்போதுதான் கெத்தாம். எனக்குச் சுருக்கமாக இருக்க வேண்டும். யார் இறங்கி வருவது? பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாத விஷயம் என்றால் எங்கள் பக்கம் ஒரே வழிதான் — பாகப் பிரிவினை! டபிள்யூ வைத்தது அண்ணனுக்கு, வைக்காதது எனக்கு. இரண்டிலும் தனித்தனி போன் நம்பர், தனித்தனி புக்கிங். மீனா தலையில் அடித்துக்கொண்டார். எங்களுக்கோ, பெரிய பஞ்சாயத்தை முடித்த திருப்தி.

வீட்டில் கிழக்குப் பக்க அறைகள் அவருக்கு, மேற்கு எனக்கு; கரண்ட் மீட்டர்கூடத் தனித்தனி. ஆனால் முகப்பும் நடு முற்றமும் பொது. அந்தப் பொதுவை ஒரே நாளில் இருவருமே வாடகைக்கு விட்டிருந்தோம்.

அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கோபத்தில் கத்துவார், முடியாது என்பார், அந்த அம்மாவிடம் என்ன பதில் சொல்வேன்? ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அண்ணன் கத்தவில்லை; தன் புக்கிங் நோட்டை எடுத்துப் புரட்டினார். அது இன்னும் பயமாக இருந்தது.

"முதல்ல பதிஞ்சவுக யாரு?" என்றார் கடைசியில்.

"என்கிட்ட வந்தவுகதாண்ணே."

"அப்ப அவுகளுக்குத்தான் வீடு."

உடனே நிச்சயதார்த்தக்காரர்களுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. அண்ணன் வாய் ஓயாமல் மன்னிப்புக் கேட்டார். அதே நாளில் அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று, வலையபட்டியில் இருக்கும் தன் சம்பந்தி வீட்டின் படங்களை அனுப்பினார். பதில் வரும்வரை நாங்கள் இருவரும் அந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரி" என்று வந்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது!

மறுநாள் மீனா வந்தார். "இப்பவாச்சும் எந்த முகவரின்னு சொல்லுவீகளா?"

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"தம்பியோடதையே வையிம்மா" என்றார் அண்ணன். "என்னுதைத் தட்டுனாலும் அங்குட்டே போகட்டும். நம்ம வீட்டை நம்பி வர்றவுக தெருவுல நிக்கக் கூடாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. விட்டுக்கொடுக்க இவ்வளவு நேரம்தான் ஆகுமா? அதைச் செய்யாமல் ஓர் அறுபதாம் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தோமே...

முகவரி ஒன்றாகிவிட்டது. கரண்ட் மீட்டர் மட்டும் இன்னும் இரண்டுதான்!