பத்து மணிக்குச் சாப்பிட்டவன்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். லோடு வந்தால் ஓட்டம், வராவிட்டால் சீட்டில் சாய்ந்துகொண்டு நாவல். பத்தாவதில் கணக்குப் பரீட்சை என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. படிக்கிற பழக்கம் மட்டும் எப்படியோ கூடவே வந்துவிட்டது.

இப்போது வருகிற மாயாஜால நாவல்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. நாயகன் வாளைத் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டை உச்சிக்கு ஓடுகிறான். போன வேகத்தில் இரண்டு பக்கத்துக்கு வீரவசனம் பேசுகிறான். எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டை ஏறிய யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், மேலே போனதும் வாயில் வருவது "தண்ணி" மட்டும்தான். டிராகன் வளர்க்கிறார்கள், அதற்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்று எழுதுவதே இல்லை. எங்கள் ஊர்க் குரங்குகளுக்குப் பொரி வாங்கியே கட்டுப்படியாகவில்லை. துப்பறியும் நாவல் என்றால் சுலபம். முதல் அத்தியாயத்தில் எவன் தேவைக்கு மேல் நல்லவனாக இருக்கிறானோ, அவனைச் சந்தேகப்பட்டால் போதும்.

இதையெல்லாம் பேச எனக்கு இருப்பது ஒரே ஆள், பஜாரில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணன். மேல்சித்தாமூர்க்காரர், சமணக் குடும்பம். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிப்போம். நான் முதலில் படித்துவிட்டால்தான் வம்பு. ஒரு தடவை ஓடுகிற வண்டியிலிருந்தே "டாக்டர்தாண்ணா கொலகாரன்!" என்று கத்திவிட்டுப் போனேன். அவர் அப்போது பதினெட்டாம் பக்கத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு கறாராகச் சொல்லிவிட்டார்.

"இனிமே முடிவ சொன்ன, மூணாம் பாகம் உனக்கு கெடையாது."

மூன்றாம் பாகம் அவர் மேசை டிராயரில் இருந்தது. ஒரு மாயாஜாலக் கதையின் கடைசிப் பாகம். இரண்டாம் பாகம் முடிந்தபோது இளவரசி இடுப்பு வரைக்கும் கல்லாகிவிட்டிருந்தாள். மீதி என்ன ஆனாள் என்று தெரியாமல் நான் ஏழு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். அதனால் வாயைப் பூட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புது துப்பறியும் நாவலைப் படித்து முடித்து அவரிடம் கொடுத்தேன். எண்ணெய் மண்டி முதலாளி ஒருவர் கொலையாகிறார். கதையில் அவரும் சமணர்தான். கொன்றது கணக்குப்பிள்ளை என்று கடைசியில் தெரியும். மூன்றாம் நாள் அண்ணன் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"டேய், புடிச்சிட்டேன்டா! அந்த வூட்ல ஒரு சொந்தக்காரன் வந்து தங்கியிருக்கான் பாரு, அவன்தான்."

"எப்டிண்ணா?"

"ராத்திரி பத்து மணிக்கு சாப்புடுறான்டா! நாப்பத்தொண்ணாம் பக்கம் பாரு. எங்காளுங்க எவன்டா பொழுது போன பொறவு சாப்புடுவான்? அவன் எங்காளே இல்ல. சொத்துக்காக வேஷம் போட்டுக்கினு வந்துருக்கான்."

அசந்துவிட்டேன். கதையில் வரும் துப்பறிவாளருக்குக்கூட இது தோன்றவில்லை. எழுத்தாளருக்கு அந்த வழக்கமே தெரியாது, ஏதோ ஒரு மணியைப் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

"இன்னாடா, பேச்சக் காணோம்?"

"வாயத் தொறந்தா டிராயர் தொறக்காதுன்னு சொன்னீங்களேண்ணா."

அந்த வாரம் யூரியா வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பத்து மணிச் சாப்பாட்டுக் கதை இலவசம். ஒவ்வொரு முறையும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வாய் அப்படி ஊறியது.

சனிக்கிழமை சாயங்காலம் அவருக்குப் பன்னிரண்டு பக்கம் பாக்கி. பொழுது ராஜகிரிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும் என்பதால், தினமும் டிபன் பாக்ஸைக் கடையிலேயே முடித்துக்கொள்வார். அன்று ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் பாக்ஸ் என்று முழித்தார்.

"நீ படிடா. நான் சாப்டுக்கினே கேக்குறேன்."

பிரித்தேன். முதல் வரியிலேயே துப்பறிவாளர் கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பினார். நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கொலைகாரன் பெயரைச் சொல்ல எனக்கு மனசு வராதது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

"துப்பறிவாளர் அந்தச் சொந்தக்காரன் பக்கம் திரும்பினார்," என்று ஆரம்பித்தேன். "'பத்து மணிக்கு நீ சாப்பிட உட்கார்ந்தபோதே மாட்டிக்கொண்டாய்' என்றார்."

அண்ணன் தொடையில் தட்டினார். எனக்குச் சூடு பிடித்துவிட்டது. அவனை மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடவிட்டேன், கிணற்றில் தள்ளினேன், கயிறு போட்டுத் தூக்கினேன், விலங்கு மாட்டினேன்.

அண்ணன் கை கழுவிவிட்டு வந்தார்.

"ஏன்டா, பன்னண்டு பக்கம் படிச்சியே. ஒரு பக்கமாவது திருப்புனியா?"

மாட்டிக்கொண்டேன். புத்தகத்தை வாங்கி நின்றபடியே படித்தார்.

"கணக்குப்புள்ளயா?"

"ஆமாண்ணா."

"அப்ப அந்த பத்து மணி?"

"எழுதுனவருக்கு தெரிலண்ணா."

புத்தகத்தை மூடி மேசையில் போட்டார். நான் மெதுவாக இழுத்தேன்.

"அண்ணா, நான் முடிவ சொல்லல. பொய்தான் சொன்னேன். ஒப்பந்தத்துல பொய் வரல."

டிராயரைத் திறந்து மூன்றாம் பாகத்தை வெளியே எடுத்தார். கொடுக்கவில்லை.

"நீ சொன்னதுதான்டா நல்லாருந்துச்சி. அத எழுதிக் குடு, கடைசில ஒட்டிடலாம். அடுத்து எங்கூட்ல படிக்கணும். எழுதிட்டு இத எடுத்துக்கினு போ."

எங்கூட்ல என்றால் அண்ணி. பழைய பில் தாள்களின் பின்பக்கம் உர மூட்டை மேல் உட்கார்ந்து எழுதினேன். இரண்டாவது தாளில் கை நின்றது.

"அண்ணா, பத்து மணிக்கு அவனுக்கு சோறு போட்டது யாரு?"

அவர் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் தேடி எடுத்தார்.

"வூட்டுக்கார அம்மாதான்டா. தானும் கூட உக்காந்து சாப்ட்டுதாம்."

"அப்ப அந்த அம்மாவும் உங்காளு இல்லியா?"

"புள்ளைங்களும் சாப்டுதுங்கடா."

"மொத்த குடும்பமே டூப்பாண்ணா?"

வெளியே மேல்சித்தாமூர் பஸ் ஹாரன் அடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பில் புத்தகத்தைத் தேடி எடுத்து நான்கு தாள் கிழித்துக் கொடுத்தார்.

"ஒருத்தரையும் வுடாத. எல்லாரையும் புடிச்சிடு."