மேய்ச்சலுக்குப் போன செல்போன்கள்

போன வாரம் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஐந்து பேர். யாரும் கதவைத் தட்டவில்லை, காவலாளியைக் கூவி அழைக்கவில்லை. ஐந்து பேரும் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மாள் முறைத்தார். அவருக்கு எப்படித் தெரியும், அந்தப் பத்து நிமிடமும் நான் சென்னையிலேயே இல்லை என்று. கொல்லிமலையில், குண்டூர் நாடு என்று சொல்லும் பகுதியில், எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் மேட்டுப்பாறையில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் ஊரில் இருந்த காலத்தில் அங்கே செல்போன் வந்துவிட்டது, சிக்னல்தான் வரவில்லை. வீட்டுக்குள் அது மணி பார்க்கவும் டார்ச் அடிக்கவும் மட்டும் உதவும். சிக்னல் வேண்டுமென்றால் அரை மணி நேரம் மேடேறி மேட்டுப்பாறைக்குப் போக வேண்டும். வேலைவெட்டி உள்ளவர்கள் தினமும் போக முடியுமா? அதனால் ஊரே சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. வெள்ளையம்மா அக்கா தினமும் அந்தப் பக்கம்தான் ஆடு ஓட்டிக்கொண்டு போவார். காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “போனு இருக்குதா?” என்று கேட்டு வாங்கி, மிளகு வைத்திருந்த பழைய துணிப்பையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் ஆட்டோடு போன்களும் திரும்பி வரும். போனை மேய்க்கிறது என்று ஊரில் அதற்குப் பெயர். “இன்னிக்கு எம்போனு நல்லா மேஞ்சுதா அக்கா?” என்று கேட்காத ஆள் கிடையாது.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. எந்தப் போன் யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் சுற்றி வைத்திருப்பார். என்னுடையது மஞ்சள் நூல். பாறையில் எது அடித்தாலும் அவரே எடுத்துப் பேசுவார். பேசியதைச் சாயங்காலம் வாசலில் நின்று ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பார். “உம்மருமவன் கூப்புட்டாப்ல. வெள்ளிக்கெழம வாராராம். கொரலு நல்லாயில்ல, சளி புடிச்சிருக்கும்போல.” எங்கள் ஊரில் ரகசியம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இன்றைக்கும் மிளகு வாசனை வந்தால் எனக்கு ரசம் ஞாபகம் வராது. காதில் வைத்த செல்போன்தான் ஞாபகம் வரும், கூடவே கொஞ்சம் ஆட்டு வாடையும்.

நாமக்கல்லில் டிகிரி முடித்துவிட்டு வந்திருந்தேன். செம்மேட்டில் ஓர் ஆபீசில் வாரம் மூன்று நாள் கம்ப்யூட்டரில் பெயர் ஏற்றும் தற்காலிக வேலை. மீதி நாள் அம்மாவோடு காட்டில் விவசாய வேலை. ஆனால் மனசு முழுக்கச் சமூகவியல் எம்.ஏ. மேல் இருந்தது. அதுவும் சும்மா இல்லை, வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில். சேந்தமங்கலத்துக்குப் பஸ் பிடித்துப் போய், ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். ‘ஏன் சமூகவியல் படிக்க விரும்புகிறாய்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். பாதியில் கரண்ட் போய், எழுதியதெல்லாம் போய், மறுபடி எழுதினேன். நீங்கள் அதைப் படித்திருந்தால், கொல்லிமலையைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று நினைத்திருப்பீர்கள். அவ்வளவு பீற்றல்.

அம்மாவுக்கும் விளக்க வேண்டியிருந்தது.

“அங்க போயி என்ன கண்ணு படிப்ப?”

“நம்மள மாதிரி சனங்க எப்படி வாழறாங்கன்னு படிக்கிறதும்மா.”

“அதுக்கு எதுக்குச் சாமி அவ்வளவு தூரம் போவணும்? இங்கயே இருந்தா தெரியாதா?”

இத்தனை வருடம் படித்துவிட்டேன். அம்மா இன்னும் அதையேதான் கேட்கிறார்.

முடிவு வந்தபோது சேர்க்கைப் பட்டியலில் என் பெயர் இல்லை. காத்திருப்புப் பட்டியலில் நான்காவதாக இருந்தது. யாராவது வரவில்லை என்றால் போனில் கூப்பிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். முன்னால் இருக்கும் மூன்று பேருக்கும் வேறு நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்று எங்கள் மலைக்கோயில் அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொண்டேன். அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்றுதானே வேண்டினேன், அதில் ஒன்றும் தப்பில்லை.

ஆனி மாதம். மழை விழுந்து சாமை விதைப்பு தொடங்கிவிட்டது. காட்டு வேலையை விட்டுவிட்டுப் பாறையில் போய் உட்கார முடியாது. போனை அக்காவிடம் கொடுத்துச் சொன்னேன். “ஒரு முக்கியமான போன் வரும் அக்கா. படிப்பு விஷயம். மரியாதையாப் பேசு. நம்மள எளக்காரமா நெனச்சிரக் கூடாது.” இதைச் சொன்னது நான்தான். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் அக்கா ஆடுகளை வழியிலேயே விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“கூப்புட்டாங்க கண்ணு! மொதல்ல ஒருத்தரு இங்கிலீசுல பேசுனாரு. தமிழ்ல பேசுங்கன்னேன். ஒரு தமிழ் அம்மா வந்தாங்க. உனக்கு எடம் இருக்குதாம். வாரீங்களா, இல்லியான்னு இன்னிக்கே சொல்லணும்னாங்க.”

“நீ என்னக்கா சொன்ன?”

“ஒடனே சொல்லுவனா? பெரியவங்களக் கலந்துதான் சொல்லணும், இன்னொருக்காக் கூப்புடுங்கன்னு சொல்லிப்போட்டேன். வேற புள்ளைங்க காத்திருக்குதுன்னாங்க. ‘தாராளமாப் பாத்துக்குங்க, எங்க புள்ளையாட்ட கெடைக்காது’ன்னேன்.”

எங்கள் ஊரில் பெண் கேட்டு வந்தால் முதல் தடவை யாரும் சரி என்று சொல்வது கிடையாது. கலந்து பேசிச் சொல்கிறோம் என்று அனுப்பிவிடுவார்கள். கேட்டவர்கள் மறுபடி வருவார்கள். இரண்டாம் தடவையும் வந்தால்தான் பெண்ணுக்கு மதிப்பு, போகிற இடத்தில் அவள் தலைநிமிர்ந்து நடக்கலாம். என் அம்மாவைக் கேட்டு அப்பா வீட்டார் மூன்று தடவை நடந்ததை அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். அக்கா எனக்காக அந்த மரியாதையைத்தான் கேட்டு வாங்கியிருந்தார்.

போனைப் பிடுங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் பாறைக்கு ஓடினேன். மழையில் வழுக்கி முழங்கால் சிராய்த்தது. பல்கலைக்கழகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் மறுபடி ஏறினேன். அந்தத் தமிழ் அம்மாதான் எடுத்தார். “நீங்க வரலைன்னு சொன்னதா நெனச்சு அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டோமேம்மா” என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஐந்தாவதாகக் காத்திருந்தவரும் யாரையாவது வேண்டிக்கொண்டிருப்பார் போலிருக்கிறது.

இறங்கும்போது அக்காவை என்னென்ன கேட்க வேண்டும் என்று சொற்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாயே என்பதுதான் முதல் வரி. பாதி வழியில் ஆடுகளோடு ஏறி வந்துகொண்டிருந்தார். “என்ன கண்ணு சொன்னாங்க?” என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் அடுக்கியதெல்லாம் கலைந்துவிட்டது.

“மறுபடி கூப்புடறேன்னாங்க அக்கா.”

“நாந்தான் சொன்னேன்ல,” என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து அக்கா பாறையை விட்டு நகரவில்லை. ஆடுகள் கிழக்குச் சரிவில் நல்ல புல்லுக்கு ஏங்கின, அங்கே ஓட்டவில்லை. மழை பெய்தால் மற்ற போன்களைப் பையோடு பாறை இடுக்கில் வைத்துவிட்டு, மஞ்சள் நூல் போனை மட்டும் முந்தானையில் சுற்றி மடியில் கட்டிக்கொள்வார். நனைந்து காய்ச்சலே வந்தது. காய்ச்சலோடும் போனார். சாயங்காலம் வாசலில் நின்று, “இன்னிக்கும் கூப்புடலீங்க” என்று அம்மாவிடம் தலைகுனிந்து சொல்வார், ஏதோ அவர் தப்புப் போல. வராத அழைப்புக்கு ஒரு மனுஷி மழையில் காத்திருக்கிறார் என்பது தெரிந்தும் நான் தினமும் காலையில் போனை எடுத்துக் கொடுத்தேன். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் வேறொரு பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. செம்மேட்டு ஆபீசுக்கு அதற்குள் இன்டர்நெட் வந்திருந்தது, அங்கே இருந்தபோது மின்னஞ்சல் வந்தது, அடுத்த நிமிடமே வருகிறேன் என்று எழுதிவிட்டேன். அக்காவுக்கு அது வேறு இடம் என்று தெரியாது. “ஒரு வருசம் கழிச்சாவது திரும்பக் கேட்டாங்க பாத்தியா” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் திருத்தவில்லை.

நான் படிக்கப் போன பிறகு மேட்டுப்பாறைக்குப் பக்கத்திலேயே டவர் வந்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டு அடுப்படியில் நான்கு கோடு சிக்னல் கிடைக்கிறது. அவரவர் போன் அவரவர் மடியில். ஊருக்கு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. போன ஆனியில் வெள்ளையம்மா அக்கா இறந்த சேதி அதில்தான் வந்தது. ஒரு படம், அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். வாசலில் நின்று யாரும் சொல்லவில்லை.

எம்.ஏ.வுக்குப் பிறகு முனைவர் பட்டத்துக்கு, வேலைக்கு, இந்தச் சென்னைக்கு என்று எத்தனையோ இடங்களிலிருந்து கூப்பிட்டார்கள். எல்லாவற்றுக்கும் முதல் தடவையே சரி என்று சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை கேளுங்கள் என்று எனக்காகச் சொல்ல அப்போது யாரும் பக்கத்தில் இல்லை.