சோப்பு அண்ணன் வாங்கிய படகு

அவருக்குச் சோப்பு அண்ணன் என்று பெயர் வைத்தவர் லிஃப்ட் ஆபரேட்டர். பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் அண்ணன் இருபத்து மூன்று வருடங்களாகப் பிளம்பராக இருந்தார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு விரல்களை முகர்ந்து பார்ப்பார். முகர்ந்துவிட்டு நாலாவது தடவையும் கழுவுவார்.

நாற்றமெல்லாம் நாளடைவில் பழகிப்போகும் என்று அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் சொல்வார்கள். இவருக்குப் பழகவே இல்லை. முதல் நாள் எப்படிக் குடலைப் புரட்டியதோ, அப்படியேதான் கடைசி வருடமும் புரட்டியது. அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களை முகத்தை வைத்து அவருக்கு அவ்வளவாக அடையாளம் தெரியாது, குழாயை வைத்துத் தெரியும். ஏழாவது மாடிக்காரர் பொரித்து மீந்த எண்ணெயைத் தொட்டியிலேயே ஊற்றுவார். அது உள்ளே போய் மஞ்சள் மெழுகாக உறைந்து, மற்ற வீட்டு அழுக்கையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்பதாவது மாடியில் கம்பியை விட்டு இழுத்தால் முடி முழக்கணக்கில் வரும், நடுவில் யாரோ துப்பிய மாத்திரையோடு. இதெல்லாம் லிஃப்ட்டில் வாசனை பூசிக்கொண்டு போகிறவர்கள் செய்கிற வேலை.

குடியிருப்பது அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்து அறை. ஜன்னல் தரையோடு தரையாக இருக்கும். அதன் வழியே கார் டயர்களும் செருப்புகளும் தெரியும். மனைவி கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள்.

ஒரு நாள் பன்னிரண்டாவது மாடியில் கழிவறை அடைத்துக்கொண்டது. இவர் கையை விட்டு உள்ளேயிருந்து ஒரு டயப்பரை இழுத்துப் போட்டார். பிறகு இன்னொன்று. மூன்றாவது வரும்போது வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்று சொன்னாள்:

"இது எங்களோடது இல்ல. மேல் வீட்டுலேர்ந்து வந்திருக்கும்."

"மேல் வீட்டுக் குழாய் வேறம்மா. இதுல உங்க வீட்டுது மட்டுந்தான் வரும்."

"அப்ப நாங்க பொய் சொல்றோமா? யாரு கண்டா, நீங்களே கொண்டுவந்து வெச்சுட்டு எடுக்கறீங்களோ என்னமோ. வேலை காட்டணும்ல?"

அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் இவரைக் கூப்பிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இவரும் போய்க் கேட்டார். அவள் கதவைப் பாதி திறந்து, காதில் வாங்கிக்கொண்டு, மூடிக்கொண்டாள். மூடுவதற்குள், உள்ளே குழந்தை டயப்பரோடு தவழ்வது தெரிந்தது. அன்றைக்கு வந்த குமட்டல் சாக்கடைக் குமட்டலைப் போல் வயிற்றோடு நிற்கவில்லை. சாப்பாடு மூன்று நாள் இறங்கவில்லை.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்த படகு கிளப் ஒன்றில் குளியலறை ரிப்பேருக்கு அனுப்பினார். அங்கே துறையில் கட்டியிருந்த பாய்மரப் படகு ஒன்றிலிருந்து வயதான ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "தம்பி, ஒரு வாஷர் இருக்குமா?" என்று கேட்டாள். ஓய்வு பெற்ற நர்ஸ். ஆறு வருடமாகப் படகிலேயே தனியாகக் குடியிருக்கிறாள். இவர் உள்ளே இறங்கி வாஷரை மாட்டிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். மொத்தமே முப்பதடி. ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு கழிவறை. அதிலிருந்து ஒரே ஒரு குழாய் ஒரே ஒரு தொட்டிக்குப் போனது. இந்தக் குழாயில் இந்த அம்மாவுடையதைத் தவிர யாருடையதும் வராது. இதைவிடப் பெரிய சுகம் உலகத்தில் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கிழிந்த ஜிப்பைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, ஊர்ல எல்லாரும் எப்படியாவது கரையேறணும்னு பாடுபடறாங்க. நீங்க கரையை விட்டு இறங்கணும்ங்கறீங்க."

"சிரிக்காத. நான் நெஜமாத்தான் சொல்றேன்."

"நான் மாட்டேன்னா சொன்னேன்? ஜன்னல் இருக்குமா?"

"எட்டு ஜன்னல் இருக்கு. எண்ணிப் பாத்தேன்."

"சரி, எவ்வளவு ஆகும்னு போட்டுப் பாப்போம்."

போட்டுப் பார்க்க ஆறு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் உட்காருவார்கள். எழுதுவது அவள்தான். வீடு கட்டலாம் என்று வாங்கிப்போட்டு, புல் மண்டிக் கிடந்த சின்ன மனையை விற்றால் படகுக்கு ஆகும். அதிலும் மூன்றில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியே எடுத்து வைக்கச் சொன்னாள் நர்ஸம்மா. "வாங்கற வரைக்கும்தான் அது உங்ககிட்ட கெஞ்சும். வாங்கினப்புறம் நீங்கதான் அதுகிட்ட கெஞ்சணும்," என்றாள். வருடத்துக்கு ஒரு தடவை கரையில் ஏற்றி, அடியில் பிடித்த பாசியைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். துறையில் கட்டி வைக்க மாத வாடகை. கயிறு, பேட்டரி, காஸ், காப்பீடு. பாய் கிழிந்தால் புதுப் பாய். படகு ஓட்டக் கற்றுக்கொள்ள கிளப்பில் பத்து சனிக்கிழமை வகுப்பு, இரண்டு பேருக்கும். மனைவி அதில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள்: "உங்க கடவாப்பல் ரெண்டையும் போறதுக்கு முன்னாடியே பிடுங்கிடணும். நடுக்கடல்ல வலிச்சா நான் எங்கே போவேன்?"

மகள் போனில் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு முதல்ல நீச்சல் தெரியுமா?" அதையும் எழுதிக்கொண்டார்கள்.

எப்படிப் போட்டாலும் மாதச் செலவு வரவைத் தாண்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி வரவுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி அவர் பக்கம் தள்ளினாள். 'பாய், படகு உறை தைப்பது: நான். படகுக் கழிவறை, பம்ப் ரிப்பேர்: நீங்கள்.'

அவர் இரண்டாவது வரியை அடித்தார். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

"அந்த நாத்தத்துலேர்ந்து தப்பிக்கத்தானே இவ்வளவும்! அங்க போயும் அடுத்தவன் பீயை அள்ளணுமா?"

"அப்ப வேற ஒரு வருமானம் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் 'உப்பு எடு', 'கதவைச் சாத்து' என்பதற்கு மேல் பேசவில்லை.

இந்த நிலைமையில்தான் தரகர் ஒருவர் போன் செய்தார். நர்ஸம்மா இருக்கும் அதே துறையில் முப்பத்திரண்டு அடிப் படகு, சொந்தக்காரர் உடம்பு முடியாமல் வேறு ஊரில் இருக்கிறார், மலிவாக முடித்துத் தருகிறேன் என்றார். அந்த விலைக்கு வாங்கினால் கையில் மிஞ்சுவதை வைத்து நாலு வருடம் ஓட்டிவிடலாம், அடித்த வரி அடித்ததாகவே இருக்கலாம். சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள்.

தரகர் வெள்ளைச் சட்டையும் சென்ட்டுமாகக் கை கொடுத்தார். படகுக்குள்ளும் அதே மாதிரி எலுமிச்சை வாசனை அடித்திருந்தார். புதுத் திரைச்சீலை, மெத்தையில் புது விரிப்பு. மனைவி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு அண்ணன் மட்டும் படியிலேயே நின்றார். எலுமிச்சைக்கு அடியில் வேறொன்று இருந்தது. அதை அவர் மூக்கு இருபத்து மூன்று வருடமாக அறியும்.

"அடிப்பலகையைத் தூக்கிப் பாக்கலாமா?"

"அதெல்லாம் எதுக்கு சார் இப்போ? வாங்கினப்புறம் நிதானமா பாத்துக்கலாம்."

அண்ணன் பலகையைத் தூக்கினார். கீழே முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புத் தண்ணீர் நின்றது. மேலே ஆடை கட்டியிருந்தது. அழுகிய வெங்காயத் தோலும் முடியும் அதில் மிதந்தன. கழிவுத் தொட்டி வெடித்து, யார் யாருடையதோ மாதக்கணக்காக ஒழுகி அங்கே சேர்ந்திருக்கிறது. அண்ணன் வெளியே ஓடிப்போய்க் கடலில் வாந்தி எடுத்தார்.

"பிளம்பர்னு சொன்னீங்க?" என்று தரகர் சிரித்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு அண்ணன் மறுபடி உள்ளே போனார். கையை அந்தத் தண்ணீருக்குள் விட்டு, குழாய்களைத் தடவித் தடவிப் பின்னால் இருந்த வால்வு வரை போனார். படகின் அடியில் ஓட்டை போட்டுக் கடல் தண்ணீரை உள்ளே எடுக்கிற வால்வு அது. வெளிப்பார்வைக்குப் புதுப் பெயின்ட் மினுங்கியது. கட்டைவிரலால் அழுத்தினார். பெயின்ட்டுக்குக் கீழே உலோகம் இல்லை, ஓட்டையடைக்கிற பட்டி பூசியிருந்தது. பட்டி உதிர்ந்த இடத்தில் கடல் துளித்துளியாகக் கசிந்தது.

"இது விட்டுதுன்னா அரை மணி நேரத்துல படகு கீழ போயிடும். தெரியுமா உங்களுக்கு?"

தரகர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. குரலை மட்டும் இறக்கினார். "சார், நீங்க விஷயம் தெரிஞ்சவர். இன்னும் கொஞ்சம் கொறைச்சுத் தரேன், வெளியே சொல்லாதீங்க. வேணாமா, பரவாயில்ல. பன்னெண்டு மணிக்கு ஒரு குடும்பம் வராங்க. அவங்களுக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது. கைக்குழந்தையோட வெயில்ல நிக்க முடியாதுன்னு சீக்கிரம் முடிவு பண்ணிடுவாங்க."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எண்ணெய் மெழுகையும் முடியையும் டயப்பரையும் கையால் எடுத்த மனிதர், இதை எதால் எடுப்பது என்று தெரியாமல் நின்றார். "இந்தத் தண்ணி எவ்வளவோ தேவலைய்யா," என்றார்.

அவர் கையைக் கழுவவில்லை. முழங்கை வரை கறுப்பாக இருந்த கைகளோடு வெளியே வந்து, துறைப் பலகையில் உட்கார்ந்தார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள். ஈக்கள் மொய்த்தன. தரகர் முதலில் சிரித்துப் பேசினார், பிறகு போலீசைக் கூப்பிடுவேன் என்றார். துறை எல்லாருக்கும் பொது என்றாள் மனைவி.

பன்னிரண்டு மணிக்கு அந்தக் குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. தரகர் முந்திக்கொண்டு ஓடினார்.

"அந்த ஆளைக் கண்டுக்காதீங்க. கக்கூஸ் கழுவற ஆளு. வாங்க வக்கில்லாத வயித்தெரிச்சல்."

"ஆமாம் தம்பி, அந்த வேலைதான் செய்யறேன்," என்றார் அண்ணன் எழுந்து. "அதனாலதான் சொல்றேன். ரெண்டு நிமிஷம் உள்ள வாங்க. குழந்தையை அம்மாகிட்டயே விட்டுட்டு வாங்க."

கணவன் உள்ளே போய்க் கசிவைப் பார்த்தான். வெளுத்த முகத்தோடு வெளியே வந்தான். மனைவியைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டான். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. போகும்போது அண்ணன் கை குழந்தைமேல் பட்டுவிடக் கூடாது என்று ஒதுங்கிப் போனான். அதுவும் அவருக்கு உறைத்தது.

நடந்ததையெல்லாம் நர்ஸம்மா தன் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்து அவரிடம் பேசினாள். அவர் போனிலேயே அலறினார். மாதாமாதம் படகைச் சுத்தம் செய்ததாகத் தரகர் அவருக்கு இரண்டு வருடமாகப் பில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். தரகரை அன்றே தலைமுழுகினார். அடுத்த வாரம் சோப்பு அண்ணனைக் கூப்பிட்டு, "இருக்கற நிலைமையில எடுத்துக்கறீங்களா? அடிமாட்டு விலைக்குத் தரேன்," என்றார்.

மனைவி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள். "அந்த அடியில இறங்க உங்களால முடியுமா?"

"குமட்டும். ஆனா செஞ்சுடுவேன்."

மனையை விற்று வாங்கினார்கள். வால்வு ஓட்டையில் முதலில் மரக்கட்டை அடித்து, படகைக் கரையேற்றினார்கள். கறுப்புத் தண்ணீரை எடுக்க மட்டும் பதினொரு நாள் ஆனது. லீவு நாளெல்லாம் அதிலேயே போயிற்று. வாளியும் கையுமாக இறங்குவார், அள்ளுவார், மேலே வந்து வாந்தி எடுப்பார், மறுபடி இறங்குவார். அடியில் சுரண்டச் சுரண்ட முந்தின சொந்தக்காரர்களின் வாழ்க்கை வந்தது: ஒற்றைக் காதணி, சாவிக்கொத்து, கட்டிய பல் ஒன்று. பல்லைப் பார்த்ததும் அன்றைய வேலையை நிறுத்திவிட்டார். நாலு மாதத்தில் குழாய், தொட்டி, வால்வு எல்லாம் புதிது. மனைவி பழைய பாயைப் பிரித்து இரட்டைத் தையல் போட்டாள். அவர் வேலையை விட்டபோது சூப்பர்வைசர், "இனிமே அடைப்பு வந்தா யாரைக் கூப்பிடறது?" என்று கேட்டார். "கையை விட்டுப் பாருங்க, பழகிடும்," என்றார் இவர்.

ரிப்பேரில் எல்லாப் பணமும் கரைந்தது. நோட்டில் அடித்த அந்த வரியை மனைவி மறுபடி எழுதவில்லை. அவரே எழுதினார். அதற்குக் கீழே ஒரு நிபந்தனையும் எழுதினார்: படகுச் சொந்தக்காரர் வேலை முடிகிற வரைக்கும் பக்கத்தில் நின்று டார்ச் பிடிக்க வேண்டும். மூக்கைப் பொத்தினால் கூலி ஒன்றரை மடங்கு.

யார் வருவார்கள் என்று நினைத்தாள் மனைவி. வந்தார்கள். நாற்பது படகு இருக்கிற துறையில் கழிவறையில் கை வைக்க வேறு ஆள் கிடையாது.

அந்த வேலை இன்றைக்கும் அவருக்குப் பிடிக்காது. அடுத்தவர் படகிலிருந்து வந்தால் முழங்கை வரை நாலு தடவை கழுவிவிட்டுத்தான் தன் படகில் கால் வைப்பார். படகு கடலுக்குள் போனாலும் குமட்டல்தான். முதல் பயணம் பக்கத்துத் துறைமுகத்துக்கு, ஒன்பது மணி நேரம். முழுக்க வாளியைக் கட்டிக்கொண்டு மூலையில் கிடந்தார். சுக்கானைப் பிடித்தது மனைவிதான். மகளுக்குப் போன் செய்து, "உங்கப்பா நல்லா இருக்கார், பச்சையா இருக்கார்," என்றாள்.

போன மாதம் பெரிய டாக்டர் ஒருவருடைய படகுக்குப் போனார். ஆபரேஷன் செய்கிறவர், மூக்கைப் பொத்தினால் ஒன்றரை மடங்கு என்றதும் சிரித்தார். பலகையைத் தூக்கிய இரண்டாவது நிமிடம் டார்ச் ஆடியது. நாலாவது நிமிடம் டாக்டர் அந்த ஓட்டைக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அதையும் சேர்த்து அள்ளினார். பில்லில் அதற்குத் தனியாக ஒரு வரி போட்டார்.