தில்லைநாதன் மாஸ்டரும் பிரெஞ்சுச் சூரியனும்

"விளையாடிப் படிச்சு உருப்பட்ட ஒருத்தனை எனக்குக் காட்டுங்கோ. என்ரை ரியூசன் கொட்டிலை நானே பிரிச்சு, உங்கடை அடுப்புக்கு விறகாத் தாறன்."

உடுவிலில், ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டுவிழா மேடையில் தில்லைநாதன் மாஸ்டர் இப்படி முழங்கியபோது கூட்டம் கைதட்டியது. எல்லோரிலும் பலமாகத் தட்டியவர் வாழைக்குலை வியாபாரி முத்துக்குமாரு. அவருடைய மூத்த மகனை மாஸ்டர்தான் அடித்து, உருட்டி, கணிதத்தில் கரைசேர்த்திருந்தார்.

மாஸ்டரின் கல்விக் கொள்கை மிக எளிமையானது. உலகத்தில் உள்ளதெல்லாம் கடந்தகால வினாத்தாள். இனி வரப்போவதெல்லாம் மாதிரி வினாத்தாள். சந்தையில் மீன் வாங்கும்போதுகூட அவர் பிழையான மீன்களை முதலில் நீக்கிவிட்டு, மிஞ்சிய மீனைத்தான் சரியான விடையாகத் தெரிவுசெய்வார். அது சிலவேளை நாறும். ஆனால் முறை சரி.

இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையில் பிரெஞ்சு மொழி புகுந்ததற்குக் காரணம் ஓர் அவமானம்.

பாரிஸில் இருக்கும் தம்பி சிவரூபன் போனமுறை வந்தபோது மகள் லியானாவையும் கூட்டிவந்தான். அந்தப் பிள்ளைக்குப் பிரெஞ்சு மட்டுந்தான் தெரியும். இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் மட்டுந்தான் தெரியும். லியானா பேச ஆளில்லாமல் இரண்டு நாள் நிலைப்படியில் இருந்து அழுதாள். மூன்றாம் நாள் சிவரூபன் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு பட்டணத்து ஹோட்டலுக்குப் போய்விட்டான். கூடப்பிறந்த அண்ணனின் வீடு இருக்க, தம்பி ஹோட்டலில். செத்தவீட்டுக்கு வருவதுபோல ஊர் வந்து விசாரித்துவிட்டுப் போனது. "ஏசி இல்லைத்தானே, பிள்ளைக்கு வெக்கை," என்று மாஸ்டர் எல்லோருக்கும் ஒரே விடையைச் சொன்னார். சொன்ன விடை பிழைத்துவிடக் கூடாதே என்று, பிறகு ஓர் அறைக்கு ஏசியும் பூட்டினார். அதன்பின் அந்த அறை யாருமில்லாமலே குளிர்ந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் தம்பி தொலைபேசியில் கேட்டான். "நல்லூர்த் திருவிழாவுக்கு வாறம் அண்ணை. மனிசிக்கு லீவு கிடைக்கேல்லை, நானும் பிள்ளையுந்தான். ஹோட்டல் புக் பண்ணட்டோ?"

"உன்ரை வீடு இருக்கேக்கை ஹோட்டலோ?"

"பிள்ளை அழாமல் இருந்தா இருக்கிறம் அண்ணை."

அன்று பின்னேரமே வீட்டில் பிரெஞ்சு பிரகடனப்படுத்தப்பட்டது. பத்து வயது மகன் தேனுஜனை மாஸ்டர் பொறுப்பேற்றார். ஏழு வயது மகள் தக்சாயினியை, "உவள் இன்னும் சோதனைக்குத் தயாரில்லை" என்று காரணம் காட்டி, மனைவி கேதீஸ்வரியிடம் தள்ளிவிட்டார்.

கொட்டிலில் தேனுஜன் மர வாங்கில் இருந்து வினைச்சொல் அட்டவணைகளைப் பாடமாக்கினான். குசினியிலோ நிலைமை ஒழுக்கக்கேடாக இருந்தது. கேதீஸ்வரி கைபேசியில் ஏதோ வீடியோவைப் பார்ப்பாள். பார்த்ததை உடனே அடுப்பில் போடுவாள். தோசைக் கல்லில் மாவால் முகம் வரைவாள். மூக்கை 'நே' என்று சொன்னால் மூக்கைத் தின்னலாம். வாயை 'பூஷ்' என்று சொன்னால் வாயைத் தின்னலாம். சொல்லத் தெரியாவிட்டால் அம்மா தின்றுவிடுவாள். பனையோலைக் கடகத்தில் தேசிக்காய், கத்தரிக்காய், வாழைப்பழம் எல்லாவற்றையும் போட்டுத் துணியால் மூடி, கையை விட்டுத் தடவிப் பேர் சொல்லச் சொல்வாள். கொடியில் உடுப்புக் காயப்போடுவதும் பாடந்தான். மாஸ்டரின் நீலச் சாரம் கிழமைக்கு இரண்டு தடவை 'ப்ளு' என்று கூவி வரவேற்கப்பட்டது.

"இஞ்சேர், இது பாடமோ, சாப்பாடோ?"

"ரண்டுந்தான். உங்கடை மாணவன் அங்கை வாங்கிலை நித்திரை தூங்குது. போய் எழுப்புங்கோ."

மாஸ்டர் பெருந்தன்மையோடு சிரித்தார். மாதிரிப் பரீட்சையில் தேனுஜன் தொண்ணூற்றைந்து எடுத்திருந்தான். அந்த விடைத்தாள் கொட்டிலின் வாசலில் ஒட்டப்பட்டது. நாற்பது பல்தேர்வு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். பிரான்ஸ் தேசத்தையே அதற்குள் அடக்கியாகிவிட்டது.

திருவிழா நெருங்க, தம்பியின் வான் வந்து வாசலில் நின்றது. லியானா தகப்பனின் காலுக்குப் பின்னால் ஒளித்தாள். மாஸ்டர் மகனின் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினார். லியானா மெல்ல எட்டிப்பார்த்து, பிரெஞ்சில் அவனுடைய பெயரைக் கேட்டாள். தேனுஜன் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். அவள் திரும்பவும் கேட்டாள்.

"அப்பா," என்று இரகசியமாகக் கேட்டான், "நாலு விடையும் எங்கை?"

லியானாவின் கீழுதடு நடுங்கத் தொடங்கியது. சிவரூபன் சூட்கேசின் பிடியை இன்னும் விடவில்லை.

அப்போது தக்சாயினி குசினிக்குள்ளிருந்து ஒரு சாப்பாட்டுக் கோப்பையோடு ஓடிவந்தாள். அதில் ஒரு தோசை முகம். "நே," என்று சொல்லி மூக்கைப் பிய்த்து வாயில் போட்டாள். லியானா அதையே பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து, "ஒரேய்" என்று ஒரு காதைப் பிய்த்தாள். முழு முகமும் முடிந்ததும் வெறும் கோப்பையை நீட்டி, "ஆன்கோர்" என்றாள்.

"என்னவாம்?" என்றார் மாஸ்டர்.

"இன்னொருக்காவாம்," என்றான் சிவரூபன். சூட்கேஸ் ஏசி அறைக்குள் போனது.

அந்தச் சொல் மாஸ்டரின் அட்டவணை எதிலும் இல்லை. ஆகவே அது பாடத்திட்டத்துக்கு வெளியே என்று அவர் தீர்மானித்தார்.

மூன்றாம் நாள் விடிந்தது. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். கேதீஸ்வரி சந்தைக்குப் போயிருந்தாள். லியானா தனித்துப்போனாள். கொஞ்ச நேரம் நிலைப்படியில் இருந்தாள், அதே பழைய இடத்தில். பிறகு போய்ச் சூட்கேசுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணை," என்றான் சிவரூபன், கையில் தொலைபேசியோடு. "அந்த ஹோட்டல் நம்பர் உங்களிட்டை இருக்கோ?"

மாஸ்டர் எழுந்தார். நேராகப் போய் லியானாவுக்கு முன்னால் கையை நீட்டினார். அவள் அவரை மேலும் கீழும் அளந்து பார்த்தாள். வேறு ஆள் கிடைக்காத காரணத்தால் எழுந்து வந்தாள்.

கொட்டிலின் கடைசி வாங்கருகில் அவரை நிறுத்திவிட்டு, அவள் கரும்பலகைக்கு முகம் கொடுத்துக் கண்ணைப் பொத்தினாள். "அன், து, த்ருவா… சொலெய்." சொல்லி முடித்துச் சடாரென்று திரும்பினாள். மாஸ்டர் நடந்துகொண்டிருந்தார். விரலை ஆட்டி அவரைத் திரும்பவும் கடைசிக்கே அனுப்பினாள்.

"அதாவது பிள்ளை, சொலெய் எண்டால் சூரியன். இலக்கணப்படி…"

அவள் உதட்டில் விரல் வைத்தாள். இருபது வருடங்களில் அந்தக் கொட்டிலில் மாஸ்டரை வாய் மூடச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அவர் விளங்கிக்கொண்டார். அவள் எண்ணும்போது நகரலாம், திரும்பினால் சிலை. ஓர் அடி. சிலை. இன்னோர் அடி. சிலை. வேட்டியை மடித்துக் கட்டினார். பலகைக்கு இன்னும் நாலைந்து அடிதான். ஒரு காலைத் தூக்கிய நேரம் பார்த்து அவள் திரும்பிவிட்டாள்.

அந்தக் கணத்தில்தான் முத்துக்குமாரு இளைய மகனைச் சேர்க்கவென்று கொட்டில் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"மாஸ்டர்."

மாஸ்டர் ஒற்றைக் காலில் நின்றார்.

"மாஸ்டர், என்ன, வாதமோ?"

கண்மணிகூட அசையவில்லை. லியானா திரும்பவும் பலகைப் பக்கம் முகம் வைத்தாள். "அன், து…" மாஸ்டர் பாய்ந்தார். இரண்டு கையாலும் பலகையை அறைந்தார். வெண்கட்டித் தூள் மேகமாக எழும்பியது. லியானா கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.

முத்துக்குமாரு தூளுக்குள் நின்று இருமினார். "அப்ப மாஸ்டர், கொட்டிலைப் பிரிக்க ஆள் அனுப்பட்டோ? வீட்டிலை விறகும் முடிஞ்சுது."

கொட்டில் வாசலில் சிவரூபனும் வந்து நின்றான், தொலைபேசியைக் காதருகில் பிடித்தபடி. லியானாவின் சிரிப்பு அடங்கத் தொடங்கியிருந்தது. அவள் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள்.

மாஸ்டர் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. மேசையில் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடைசி வாங்கடிக்கு நடந்துபோய், பலகையை நோக்கி நேராக நின்றார்.

"ஆன்கோர்," என்றார், மெதுவாக.

சிவரூபன் தொலைபேசியைப் பொக்கற்றுக்குள் போட்டான்.