ஐந்து தரம் தவறிய கடவுச்சொல்

இரண்டு வருடங்களுக்கு முன், மாரி மழை தொடங்கியிருந்த நேரம். கிளிநொச்சியில் விவசாயிகளுக்காக இயங்கும் ஒரு நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. குடியேறிய குடும்பங்களின் காணி அனுமதிப்பத்திரங்களைப் பிரதி எடுத்து, எங்கள் பிரதான கணினியில் பாதுகாத்து வைப்போம். காணி என்றால் எங்கள் பக்கத்தில் உயிர். அந்தக் கோப்புகளில் யாரும் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

அந்தக் கணினிக்கு இரண்டு வாசல். தூரத்துக் கிளைகளிலிருந்து உள்ளே நுழைய ஒன்று, பொதுக் கோப்புகளைத் திறக்க இன்னொன்று. இரண்டுக்கும் வெவ்வேறு கடவுச்சொல். ஆட்கள் ஒன்றுக்கு மற்றதைப் போட்டு என் உயிரை எடுத்தார்கள். லினக்ஸில் ‘பாம்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. வருபவர் யார் என்று சோதிக்கும் வேலையை ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே செய்யாமல் அதனிடம் ஒப்படைத்துவிடலாம். வேண்டிய சோதனைகளைத் துண்டு துண்டாக அதில் செருகிக்கொள்ளலாம். இரண்டு வாசலையும் அதனோடு இணைத்து, எல்லோருக்கும் ஒரே ஒரு புதிய கடவுச்சொல் கொடுத்தேன். ஐந்து தரம் பிழையாகப் போட்டால் இரண்டு வாசலும் பூட்டிக்கொள்ளும். நான்தான் திறந்துவிட வேண்டும். போர்க்காலத்தில் ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு மணிக்கணக்காக நின்றவன், நானே ஒரு சாவடியைக் கட்டிவிட்டேன் என்று அப்போது உறைக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு கிழமை போனது. யார் எப்போது வந்தார்கள் என்று கணினி தானே எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன். காலை ஏழு நாற்பத்திரண்டுக்குப் பூநகரிக் கிளையிலிருந்து ஐந்து பிழையான முயற்சிகள். மறுநாள் ஆறரைக்கு ஐந்து. பிறகு இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு மறுபடியும். எல்லாம் ஒரே பெயரில். அந்தக் கிளையில் கணினிக்கு முன் உட்காரும் ஒரேயொரு எழுதுவினைஞரின் பெயர் அது.

அவருடைய குடும்பம் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியது. என்னுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியது. இரண்டு பேரும் வந்தவர்கள்தான். ஆனால் எங்கள் குடும்பம் மட்டும் ஏதோ ஆதியிலிருந்தே இருப்பது போல ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. அவருடைய மாமாவின் காணிக் கோப்பும் எங்களிடம் இருந்தது, எல்லைத் தகராறு ஒன்று தீராமல். எனக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் கோப்பில் கை வைக்கத்தான் பார்க்கிறார் என்று கணக்கை முடித்துவிட்டேன்.

அவரே தொலைபேசியில் கூப்பிடுவார். “அண்ணை, இண்டைக்கும் பூட்டுப்பட்டுக் கிடக்கு. ஒருக்காத் திறந்து விடுங்கோ.” கெட்டிக்காரி, நடிக்கிறார் என்று நினைத்தேன்.

“காலமை வெள்ளனவே கந்தோருக்கு வந்தனீங்களோ?” என்று தூண்டில் போட்டுப் பார்த்தேன்.

“இல்லை அண்ணை. எங்கட பஸ் வந்து சேரவே ஒன்பது மணியாகும். ஏன் கேக்கிறியள்?”

“சும்மா” என்றேன். பஸ் கதையெல்லாம் எனக்கு எடுபடவில்லை. கந்தோர்க் கதவின் திறப்பை யாரிடமோ கொடுத்திருக்கிறார் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். முயற்சி நடக்காத நாட்கள்கூட எங்களைக் குழப்பத்தான் என்று பட்டது. முகாமையாளருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அந்த மாத முடிவில் அந்த எழுதுவினைஞரின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

முகாமையாளர் ஐம்பது தாண்டிய பெண்மணி, அவசரப்படாதவர். எங்கள் இருவரையும் கூப்பிட்டு, கடிதத்தை எழுதுவினைஞர் பக்கம் தள்ளினார்.

“வாசிச்சுப் பாருங்கோ பிள்ளை. உங்கட பெயரில ஆரோ உள்ள வரப் பாத்திருக்கினம்.”

அவர் கடிதத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். பிடிபட்டுவிட்டார் என்று எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம் எழுந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன். ஏழு நாற்பத்திரண்டு என்ற இடத்தில் நின்று, மறுபடி வாசித்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார்.

“மிஸ், இது கரண்ட் வந்த நேரம்.”

பூநகரியில் காற்று மழைக்கு மின்சாரம் போய்ப் போய் வரும். எத்தனை தரம் போகிறது என்று எழுதி, மாத முடிவில் கொண்டுவந்து தரச் சொன்னவன் நான்தான். அந்தக் கிளையில் மின்சாரத்தில் ஓடும் மணிக்கூடு ஒன்று இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் பன்னிரண்டிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும். காலையில் வந்ததும் அது எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்து, கரண்ட் வந்த நேரத்தைக் கணித்து எழுதியிருந்தார். என் தாளையும் அந்தக் கொப்பியையும் முகாமையாளர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு நாளும் பொருந்தியது, ஓரிரு நிமிட வித்தியாசத்தோடு.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரவிலும் நிறுத்தாமல் விட்டிருக்கும் அந்தக் கணினி, கரண்ட் போய் வந்தால் தானாக இயங்கும்படி வைத்தவன் நான். அப்படி இயங்கியதும், கரண்ட் போனதால் விடுபட்ட பிரதிகளை இங்கே அனுப்ப ஒரு சிறு நிரலை, அவருடைய கணக்கிலேயே, எழுதி வைத்தவனும் நான். எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றினேன், அந்த நிரலுக்குள் கிடந்த பழையதை மறந்துவிட்டேன். ஓடிப்போய் என் மேசையிலிருந்தே அதைத் திறந்து பார்த்தேன். ஐந்து தரம் முயற்சி செய் என்று இருந்தது. முதல் வரியில், எழுதியவர் என்று என் பெயரையும் போட்டிருந்தேன்.

திரும்பி வந்து இருவரிடமும் உள்ளதைச் சொன்னேன். கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன்.

“கிழிக்க வேண்டாம் அண்ணை” என்றார் அவர். “அப்பிடியே இருக்கட்டும். நடந்தது என்னெண்டு அதுக்குக் கீழ எழுதுங்கோ. நாளைக்கு ஆரும் வேற கதை கதைக்கக் கூடாது.”

அவர் முன்னாலேயே எழுதிக் கையெழுத்திட்டேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. படியிறங்கும்போது மன்னிப்புக் கேட்டேன். குடையை விரித்தபடி நின்றவர், கோபமில்லாமல்தான் கேட்டார்.

“உங்கட ஊர்ப் பிள்ளை எண்டால், முதல்ல கணினியைத்தானே அண்ணை பாத்திருப்பியள்?”

பூநகரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். இன்றைக்கும் பதிவில் பிழையான முயற்சி ஒன்றைக் கண்டால் முதலில் என் நிரல்களைத்தான் தேடுகிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு ‘ஓம்’ என்ற ஒரு சொல்லை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.